சிவப்பு மேசை முறை

மழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரத்தில்தான் நான் குடியிருந்த வீட்டு மருமகளுக்கு ஊசி குத்தியது. இடது கை, நடுவிரல், நகத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரே ஒரு சொட்டு ரத்தம். வேறு எங்கேயாவது குத்தியிருந்தால் விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறந்திருப்பாள். குத்தியது சிவப்பு மேசையில்.

அந்தச் சலவைக்கூடத்தில் நான் பாய்லர் பார்க்கிறவன். இரவு ஷிப்ட். மருமகள் இருந்த வீட்டின் பக்கவாட்டு அறையில் வாடகைக்கு இருந்தேன். என் கட்டிலுக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். பகலில் தூங்க வேண்டியவன் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அப்படிக் கேட்டதும் கூடத்தில் பார்த்ததும்தான் இது.

சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரித் துணியெல்லாம் எங்கள் கூடத்துக்குத்தான் வரும். படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் கவுன், துண்டு. வெள்ளைப் பையில் வருவது சாதாரணத் துணி. அப்படியே மெஷினுக்குள் தள்ளலாம். சிவப்புப் பையில் வருவது ரத்தம், சீழ், தொற்றுவியாதி வார்டு. அதைப் பிரித்து, விரிப்பு தனி, கவுன் தனி, துண்டு தனி என்று போட்ட பிறகுதான் மெஷின். அந்தப் பிரிக்கிற மேசை கூடத்தின் கடைசியில் ஒரு தகரத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. துணிக்குள் என்னென்னவோ வரும். கத்தரிக்கோல் வரும், கரண்டி வரும், ஒரு தடவை முழுசாக ஒரு பல்செட் வந்தது. ஊசியும் வரும்.

அந்த மேசையில் பல வருடமாக ஒரே ஆள்தான் நின்றார். சிவப்பு என்று கூப்பிடுவார்கள். ஆள் நல்ல கறுப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள். ஏன் அந்தப் பெயர் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்காகப் பேச ஆள் இல்லை, அதனால் அங்கே போட்டார்கள். பிறகு யாரும் மாற்றவில்லை. டீ வந்தால் அவருடைய டம்ளரைத் தகரத் தடுப்பின் மேல் வைத்துவிட்டு வருவார்கள். சோறும் அவர் அந்தப் பக்கமே தின்றார். யாரும் அவரைத் திட்டியதில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. பக்கத்தில் போகவில்லை, அவ்வளவுதான்.

இதை மாற்றியது மாமியார். அந்த மருமகளின் மாமியார், நான் வாடகை கொடுக்கிற வீட்டுக்காரம்மா. கூடத்தில் உருளை மெஷின் அவர் பொறுப்பு. ஈரத்துணி ஒரு பக்கம் போய் மறுபக்கம் அப்பளம் மாதிரி விறைப்பாக வரும் மெஷின் அது. அதன் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவர் குரலே ஒரு சுருதி ஏறிப்போயிருந்தது. வக்கீலம்மா என்று பட்டப்பெயர். கட்சிக்காரர் இல்லாமலேயே வாதாடுவார் என்பார்கள்.

ஒரு நாள் டீ நேரத்தில் ஆரம்பித்தது. மடிக்கிற மேசைக்காரி ஒருத்தி, பெயர் ரேடியோ, நிறுத்தாமல் பேசுகிறவள், சொன்னாள்: "சிவப்புக்கு அந்த வேலை பழகிடுச்சு வக்கீலம்மா. அவரு ஒண்ணும் சொல்லல, நீங்க ஏன் குதிக்கிறீங்க?"

"உனக்குந்தான் நாள் பூரா நின்னு மடிச்சுப் பழகிடுச்சு. நாளைலேருந்து பெஞ்ச எடுத்துடச் சொல்லவா?"

"எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"அவருக்கு இல்லேன்னு யாரு சொன்னா?"

"இருக்கா?" என்று ரேடியோ அக்கம்பக்கம் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை.

இப்படியே பல நாள் ஓடியது. சூப்பர்வைசர் தலையிடவில்லை. "எனக்கு மேசையில ஆள் நிக்கணும். யார் நின்னா எனக்கென்ன?" என்று டீயை உறிஞ்சினார். கடைசியில் மாமியார் ஒரு கேள்வி போட்டார்.

"சரி, இப்படி வச்சுக்குவோம். எல்லார் பேரையும் எழுதிக் குலுக்கிப் போடலாம். யார் பேரு வருதோ அவங்க ஆயுசு பூரா சிவப்பு மேசை. எனக்குச் சம்மதம். உங்களுக்கு?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரேடியோகூட.

"ஏன் பேச்சக் காணோம்? நமக்கு நடந்தா அநியாயம், அவருக்கு நடந்தா பழக்கம். அப்படித்தான?"

அன்று நான் ஷிப்ட் முடிந்தும் போகாமல் நின்றுகொண்டிருந்தேன். வெறும் பேச்சால் ஒரு விஷயம் இடம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். நான் பாதியில் விட்டுவந்த கல்லூரியிலும் நிறையப் பேசினார்கள். அங்கே ஒரு நாற்காலிகூட நகர்ந்ததில்லை. இங்கே அடுத்த திங்கட்கிழமையிலிருந்து முறை வந்தது. ஆட்கள் சாமான் வைக்கிற அலமாரிகளின் வரிசைப்படி ஆளுக்கு ஒரு வாரம் சிவப்பு மேசை. சிவப்பு மடிக்கிற இடத்துக்கு வந்தார். அவர் பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்ததும் மற்றவர்கள் சொல்லிவைத்த மாதிரி மறுகோடிக்கு நகர்ந்தார்கள். அதற்கு முறை எதுவும் போட முடியவில்லை.

சிவப்பிடம் இதில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்காகத்தான் எல்லாம், அதனால் கேட்கத் தோன்றவில்லை.

மருமகள் பிரசவம் முடிந்து கைக்குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தபோது அலமாரி வரிசை அவளுக்கு நேராக வந்து நின்றது. அவள் அதிகம் பேசாதவள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரேடியோதான் முதலில் ஆரம்பித்தாள்.

"வக்கீலம்மா, அவ பச்ச உடம்புக்காரி. பால் குடுக்கிறவ. இந்தச் சுத்துக்கு அவள விட்டுடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"வேணாம்."

"உங்க மருமகளாச்சேன்னு ஒரு இதுலதான் சொல்றேன்."

"அதனாலதான் வேணாம்ங்கறேன். இவள இன்னைக்கு விட்டா அடுத்த வாரம் உனக்கு முட்டி வலிக்கும். அதுக்கடுத்தது இன்னொருத்தனுக்கு இளைப்பு வரும். கடைசில மேசையில சிவப்புதான் நிப்பாரு."

ரேடியோ சிரித்தாள். மாமியார் சொன்னது அத்தனையும் உண்மை என்று ஒத்துக்கொள்கிற சிரிப்பு. அவள் முட்டியை அப்போதே தடவிக்கொண்டுதான் இருந்தாள். மருமகள் தலை நிமிரவில்லை. அடுக்கி முடித்த துண்டுகளைத் தட்டிச் சரிசெய்தாள். மறுநாள் ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனாள். கொடுத்த கையுறை பாத்திரம் கழுவுகிற ரகம். அந்த வாரத்தின் நடுவில் ஒரு போர்வையை உருவக் கையை உள்ளே விட்டபோது குத்தியது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் விரலைக் கழுவினார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஊசி எந்த நோயாளியுடையது என்று தெரியாது. ஒன்றரை மாதம் கழித்து ஒரு சோதனை, பிறகு இன்னொன்று. அதுவரைக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் வேண்டாம் என்றார் டாக்டர்.

வீட்டில் பிரச்சினையே அந்தக் கடைசி வரிதான். விரல் இரண்டு நாளில் ஆறிவிட்டது.

குழந்தை பாட்டிலை வாயில் வைத்ததும் நாக்கால் தள்ளியது. ரப்பரைக் கடித்தது, துப்பியது, கத்தியது. கத்திக் கத்திக் குரல் கம்மியதும் விக்கிக்கொண்டே தூங்கும், மறுபடி எழுந்து கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் மருமகளுக்குப் பால் ஊறி ரவிக்கை நனைந்துவிடும். அவள் பின்கட்டுக்குப் போய்ப் பீய்ச்சிச் சாக்கடையில் விட்டுவிட்டு வருவாள். மாத்திரை தின்றால் வாந்தி. மழையில் குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. ஊர் ஆஸ்பத்திரித் துணியையெல்லாம் காயவைக்கிற குடும்பம், சமையலறைக்குள் கயிறு கட்டி ஈரத்துணிக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்தது.

மாமியாரின் மகனுக்கு டயர் கடையில் வேலை. கை எப்போதும் கறுப்பாக இருக்கும், அதனால் வந்ததும் குழந்தையைத் தூக்க மாட்டான். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே பேசுவான். அன்று சாயங்காலம் சோப்பைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினான்.

"உன் நியாயம் என் பொண்டாட்டி கையில குத்திடுச்சும்மா."

மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "யாரு கையிலயாவது குத்தியிருக்கும்டா."

"யாரு கையிலயாவது குத்தட்டுமே! எனக்கென்ன?"

"அதத்தான் எல்லாரும் சொன்னாங்க, இத்தன வருசமா."

"சொல்லிட்டுப் போகட்டும். அவங்க வீட்டுக் குழந்தைங்கல்லாம் பால் குடிக்குது."

"மெதுவாப் பேசு. இப்பத்தான் கண்ண மூடுது."

"அவங்களே வேணாம்னாங்களாமே? விட்டுடுறோம்னாங்களாமே? ரேடியோ புருசன் கடைக்கு வந்து சொல்றான். எவளோட வீட்டுக்காரனோ எங்கிட்ட வந்து வருத்தப்படுறான், என் அம்மா பண்ணதுக்கு."

"அவ விடுறேன்னு சொன்னது இவமேல இருந்த பாசத்துல இல்லடா. மொறைய ஒடைக்கிறதுக்கு."

"எதுக்கு வேணா சொல்லட்டும்மா! நல்லதுதான சொன்னா?"

மாமியார் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினார். மருமகள் ஈரத்துணிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பாட்டில் கொதிக்கிற பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போர்வைக்குள்ள ஊசிய விட்டானே ஒருத்தன்," என்றான் மகன், "அவன்மேல உங்க ஒருத்தருக்காவது கோவம் வருதா? கூடத்துல யாருக்குக் குத்தணும்னு மொற வச்சிருக்கீங்க. நல்ல கணக்கு."

"சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டாராம், முன்னாடியே. பதில் இல்ல. அவன் மொகம் தெரியல, யார்மேல கோவப்படுறது?"

"அதான் தெரிஞ்ச மொகமாப் பாத்துப் புடிச்சியா?"

பிறகு மகன் நிதானமாகச் சொன்னான், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வாரக் கடைசில கூட்டம் போடுறாராம் சூப்பர்வைசர். நீயா எந்திரிச்சு, மொற வேணாம், பழையபடி இருக்கட்டும்னு சொல்லு. நீ சொன்னாத்தான் முடியும். சொல்லலேன்னா நாங்க தனியாப் போறோம். டயர் கடை மாடியில ரூம் காலியாத்தான் இருக்கு."

மாமியார் குழந்தையைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது அவர் வாசலில் கரி அடுப்பைப் பற்றவைத்து அதன் மேல் கூடை கவிழ்த்துக் குழந்தைத் துணியை உலர்த்திக்கொண்டிருந்தார். கண் உள்ளே போயிருந்தது.

"தம்பி, தூங்கப் போறியா?"

"இல்ல, சொல்லுங்க."

"நான் பண்ணது தப்பா?"

"மொற தப்பில்ல."

"அப்புறம்?"

"அவளக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பா."

"ஆமா."

"அதுக்கப்புறம் ஆளாளுக்கு வேணாம்னிருப்பாங்க. மொற போயிருக்கும்."

"ஆமா."

"அப்ப என்னதான் சொல்ற நீ?" என்று எரிந்து விழுந்தார். "ரெண்டு பக்கமும் தலையாட்டுறதுக்கா காலேஜ்ல சேத்தாங்க உன்னை?"

"அதான் விட்டுட்டேன்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கித் துணியைத் திருப்பிப் போட்டார். "அவ என்னை ஒரு வார்த்த கேக்கல தம்பி. சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். அத்தை சாப்பிடுங்க, அத்தை மருந்து போடுங்கன்னு மொதல்ல இருந்த மாதிரியே இருக்கா. அதான் தாங்கல."

கூட்டம் டீ நேரத்தில் நடந்தது. மருமகள் அதற்குள் மறுபடி வேலைக்கு வர ஆரம்பித்திருந்தாள். கிழிந்த விரிப்பைத் தைக்கிற தையல் மெஷினில் உட்கார்த்தியிருந்தார்கள். எல்லோரும் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். ரேடியோ வீட்டிலிருந்து முட்டை அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் பாய்லரைப் பகல் ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

சூப்பர்வைசர் சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். "நல்லதுன்னு நெனச்சு ஒண்ணு செஞ்சோம். அனுபவம் இல்லாத கை, விபத்து நடந்துபோச்சு. சிவப்பு இருந்த வரைக்கும் ஒரு தடவையாவது இப்படி நடந்திருக்கா? இல்ல. அதனால பழையபடியே போயிடலாம். சிவப்பே சரிங்கறாரு. என்ன சிவப்பு?"

சிவப்பு பெஞ்சின் தன் கோடியிலிருந்து சொன்னார்: "என்னை அங்கயே போட்டுடுங்க. இங்க உக்காந்தா எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு லாரிய நிறுத்தலாம். அங்கன்னா நான் பாட்டுக்கு இருப்பேன்."

சிலர் சிரித்தார்கள். எல்லோருக்கும் மூச்சு லேசாக வந்தது. அவரே கேட்கிறார், இனி என்ன? எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். அவர் ஒரு சரி சொன்னால் போதும். மகன் கேட்டதும் அதுதான்.

மாமியார் எழுந்தார். உருளை மெஷினை நிறுத்தியிருந்ததால் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் உயர்த்தித்தான் பேசினார். "சொல்றேன். அதுக்கு முன்னாடி சிவப்பண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." அவர் சிவப்பை அண்ணன் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "உங்களுக்கு ஒரு தடவைகூடக் குத்தினதில்லயா?"

சிவப்பு டம்ளரைப் பார்த்தார். "அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"குத்தாம எப்படி இருக்கும்? இத்தன வருசத்துல."

"எத்தன தடவ?"

"எண்ணவா செஞ்சேன்? மொதல்ல ரெண்டு வருசம் கையே சல்லடை. அப்புறந்தான் எப்படித் தொடணும்னு புடிபட்டுது."

"சொல்லவே இல்லயே யாருகிட்டயும்," என்றார் சூப்பர்வைசர்.

"சொன்னா? அந்த மேசையும் போயிருக்கும். டீ வைக்கிறவன் தடுப்புமேல வச்சுட்டு ஓடுறான், அவன்கிட்டயா சொல்ல?"

மாமியார் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். அவருக்கு அந்த இடத்தில் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்திருக்கும். "கேட்டீங்களா? அவரு இருந்த வரைக்கும் விபத்தே இல்லன்னு சொன்னோம். இருந்திருக்கு. நமக்குத்தான் தெரியல. இப்பச் சொல்லுங்க, பழையபடி..."

அவர் முடிக்கவில்லை. அவர் நினைத்த பக்கம் பேச்சு போகவில்லை.

"அய்யய்யோ," என்றாள் ரேடியோ. டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப இவரு உடம்புல என்னென்ன இருக்கோ! இத்தன நாளா எங்க பெஞ்சுல உக்காந்து, எங்க டம்ளர்ல குடிச்சு..."

"ரத்தம் சோதிச்சதுண்டா?" என்றான் மெஷின்காரன் ஒருவன்.

"எங்க சோதிச்சேன்?"

"சோதிக்கவே இல்லயாம்!"

பெஞ்சின் மறுகோடியிலிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி கையை முந்தானையில் துடைத்தாள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. குழந்தைகள் இருக்கிற வீடு. மடித்த துணி நோயாளிகளுக்குப் போகிறது. ஒருவருக்காகப் பார்த்து இத்தனை பேர் கஷ்டப்பட முடியாது. மாமியார் எந்த உண்மையைப் பிடுங்கி எடுத்து வைத்தாரோ அதை வைத்தே எல்லோரும் சிவப்பை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் நெற்றியைத் தேய்த்தார். "சோதனை செஞ்சு பேப்பர் கொண்டுவர்ற வரைக்கும் வேணா வீட்ல இருக்கட்டும். நான் மேல கேட்டுச் சொல்றேன்."

சிவப்பு அதற்குள் எழுந்து மேல்சட்டையைத் தேட ஆரம்பித்திருந்தார். "இதுக்குத்தான் எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்கன்னு இருந்தேன்," என்றார், மாமியாரைப் பார்க்காமல்.

மாமியார் நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் நான் முதல் தடவையாகப் பார்த்தது அப்போதுதான்.

"அப்ப நானும் போகவா?"

தையல் மெஷின் பக்கமிருந்து வந்தது. முதலில் யார் பேசியது என்றே தெரியவில்லை, அந்தக் குரலை அங்கே பலரும் கேட்டதே இல்லை. மருமகள் ஊசியிலிருந்து நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ எதுக்குப் போகணும்? நீ இரு தாயி," என்றாள் ரேடியோ.

"எனக்கும் குத்திருக்கு. எனக்கும் ரிசல்ட்டு வரல."

"உன் கத வேற."

"எப்படி வேற?"

ரேடியோ வாயைத் திறந்தாள். "நீ... நம்ம..." என்றாள். பிறகு மெஷின்காரனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"காலைல எனக்கு முட்டை குடுத்தீங்க," என்றாள் மருமகள். "அதே டப்பாவுல நீங்களும் எடுத்துத் தின்னீங்க. அவரு டம்ளர்னா மட்டும் என்ன? எனக்குப் புரியல, அதான் கேக்கறேன். போகணும்னா சொல்லுங்க, ரெண்டு பேரும் போறோம். இல்லேன்னா அவரையும் உக்காரச் சொல்லுங்க."

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. மழை நிற்குமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். யாருக்கும் மனசு மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவளைப் போகச் சொல்ல அவர்களுக்கு நாக்கு எழவில்லை, அவளை வைத்துக்கொண்டு அவரை மட்டும் போகச் சொல்லவும் வழி தெரியவில்லை. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். "டீ நேரம் முடிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு? எல்லாரும் வேலையப் பாருங்க. எல்லாருக்குமே ரத்தம் சோதிக்க ஏற்பாடு பண்ணச் சொல்றேன். அதுவரைக்கும் இருக்கிறபடி இருக்கட்டும்."

இருக்கிறபடி என்றால் முறை. யாரும் ஜெயிக்காமலே அது தங்கிவிட்டது. சிவப்பு சட்டையை மறுபடி ஆணியில் மாட்டினார். "வந்தவன் போனவனெல்லாம் என்னப் பத்திப் பேசுறீங்க," என்று முனகிக்கொண்டே துண்டு மடிக்கப் போனார். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

திங்கட்கிழமை அலமாரி வரிசை ரேடியோவுக்கு வந்தது. முட்டி வலி என்று ஆரம்பித்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனவள் பையைத் தொடாமல் நின்றிருக்கிறாள். நான் பாய்லரை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது அங்கிருந்து சத்தம் வந்தது.

"யோவ் சிவப்பு! இத எப்படிய்யா தெறக்கணும்? குத்தாம எப்படி எடுக்கறது, வந்து காட்டுய்யா!"

முறை வைத்துப் பல வாரமாகியிருந்தது. அவர் எப்படிச் செய்தார் என்று கேட்டது அவள்தான் முதலில், அதுவும் தன் உயிர்ப்பயத்தில். சிவப்பு போனார். "கைய உள்ள விடாத. பையத் தலகீழாக் கவுத்து. மூலையப் புடிச்சுத் தூக்கு, ஒதறாத. தானா விழுறது விழட்டும்." அவள் செய்ததைப் பார்த்துவிட்டு, "மூலைன்னா மூலை. நடுவுல ஏன் புடிக்கிற? துணி மடிக்கத் தெரியுது, மூலை தெரியல?" என்று திட்டியதும் கேட்டது. மாமியார் உருளை மெஷினை ஓட்டிக்கொண்டே அதைக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மகன் சொன்னபடி டயர் கடை மாடி ரூமைப் பார்த்துவிட்டு வந்தான். அம்மாவிடம் பேச்சை நிறுத்தியிருந்தான். குழம்பு வேண்டுமானால் பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்பான். ஒரு நாள் சாயங்காலம் மனைவியிடம் துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னான்.

"மாடியில தண்ணி வருமா?" என்றாள் அவள்.

"கீழேருந்து தூக்கணும்."

"குழந்தைய யாரு பாத்துக்குவா, நான் வேலைக்குப் போனா?"

"யாராவது பாத்துக்குவாங்க."

"யாரு?"

அவன் கையைச் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். துணிமணி எடுத்து வைக்கப்படவில்லை. அது பற்றி மறுபடி பேச்சு வந்ததாக எனக்குத் தெரியாது.

முதல் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. டாக்டர் இரண்டாவதையும் பார்த்துவிடலாம் என்றார். அதிலும் ஒன்றும் இல்லை. அதற்குள் மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிவிட்டது, குழந்தைக்குப் பல் வந்துவிட்டது. இனிப் பால் கொடுக்கலாம் என்று சொன்ன அன்று மருமகள் குழந்தையை மடியில் போட்டு முயன்று பார்த்தாள். வாய் வைத்தது, ஒரு தடவை சப்பியது, ஒன்றும் வராததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைத் தேடிக் கையை நீட்டியது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரவிக்கையை மாட்டிக்கொண்டு குழந்தையை மாமியாரிடம் கொடுத்தாள்.

மாமியார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பாட்டிலைக் கொடுத்தார். மருமகள் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் ஷிப்டுக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் குரல்.

"அத்தை."

"சொல்லும்மா."

"அன்னைக்குக் கூட்டத்துல நான் அவருக்காகப் பேசல. எல்லாரும் என்னை நல்லவள்னு நெனச்சுட்டு இருக்காங்க. அவர அனுப்பிட்டா அடுத்து என்னை அனுப்புவாங்கன்னுதான் பேசினேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்கும் அப்படித்தான் தோணிருக்கும்."

குழந்தை உறிஞ்சுகிற சத்தம்.

"நீங்க பண்ணது சரின்னும் நான் சொல்லல."

"சொல்ல வேணாம்."

"மொற இருக்கட்டும். அத நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா சரின்னு சொல்லல."

"சரிம்மா."

"அடுத்து என் வாரம் எப்ப வருது?"

"வெயில் முடியறப்ப வரும்."

"அப்ப என்னைக் கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"நான் வேணாம்னு சொன்னா?"

செருப்பு மாட்டி முடித்தும் நான் கிளம்பவில்லை. மாமியார் பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். எதற்கும் பதில் வைத்திருக்கிறவர். பாட்டில் காலியாகிக் காற்றை இழுக்கிற சத்தம் வந்தது, அதுவும் நின்றது.

"தெரியலம்மா," என்றார்.

"அதுக்குள்ள யோசிச்சு வைங்க," என்று சொல்லிவிட்டு மருமகள் காலிப் பாட்டிலை வாங்கிக் கழுவப் போனாள்.